நான் சாப்பிடாத இரண்டு இட்லி

கஸ்தூரி தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். எவர்சில்வர் தட்டில் கிழித்த வாழை இலை. அதன்மேல் ஆவி பறக்கும் இரண்டு இட்லி, ஓரத்தில் ஒரு கரண்டி வடகறி. 

உழவர்கரையில், கம்பெனி பஸ் நிற்கும் முனையில் இருந்த சின்ன இட்லிக் கடை அது. காலை ஏழேகால் இருக்கும். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆறேழு பேர், இரண்டு ஆட்டோக்காரர்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு ரிட்டயர்டு லைன்மேன். யாரும் கஸ்தூரியைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வெள்ளைப் புடவையும் ஆஸ்பத்திரி பேட்ஜுமாக நான் நின்றிருந்தேன். என் பின்னால் வேன் டிரைவர் காதர் பாய், "சாப்பிடுங்க சிஸ்டர்" என்று முணுமுணுத்தார்.

நான் சாப்பிடவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கிராமத்துக் கண் முகாம்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "இத்தனை வாரமாக நீங்கள் காப்பாற்றியவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நீங்கள் யாரையும் கெடுத்ததே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அதை டிவி மேல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது, தட்டோடு நிற்கும் கஸ்தூரி மட்டும் கண்ணெதிரே நின்றாள்.

அவள் உண்மைப் பெயர் கஸ்தூரி இல்லை. நான் சொல்லும் தெருக்களும் ஊர்களும் முன்பின்னாக இருக்கலாம். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

முருங்கைக்காய்க் கட்டு

நான் ஏன் சாப்பிடவில்லை என்று சொல்ல, எங்கள் ஆஸ்பத்திரியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கடற்கரைப் பக்கத்தில், பிரெஞ்சு வழக்கப்படி மரியாதையாக 'மதாம்' என்று எல்லாரும் கூப்பிட்ட அம்மாள் ஒருத்தி இருந்தாள். தமிழ்க்காரிதான். கணவர் பிரெஞ்சு சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். அவர் போன பிறகு, பிள்ளைகளும் பிரான்சிலேயே தங்கிவிட, அந்த அம்மாள் தன் வீட்டின் முன்பகுதியைப் பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தாள். பெரிய டாக்டர்தான் எங்கள் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர். முதலில் பிரசவம் மட்டும். சாப்பாட்டுக் கூடம் பிரசவ அறையாயிற்று. மதாமின் கண்ணாடி அலமாரியில் பஞ்சும் கத்தரிக்கோலும் ஏறின. பிறகு கண், சர்க்கரை, காசநோய், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக வளர்ந்தது. இன்றைக்கும் தர்ம ஆஸ்பத்திரிதான், டிரஸ்ட்தான் நடத்துகிறது. நான் சேர்ந்தபோது வீடு மூன்று கட்டிடமாகியிருந்தது. ஆனாலும் வயதானவர்கள் ஆட்டோவில் ஏறினால் "மதாம் வீடு" என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஆரம்ப காலத்தில் கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். பூசணிக்காய், கீரைக்கட்டு, கோழி. கொண்டுவருவதைக் கம்பவுண்டரிடம் கொடுத்தால் பெயரைக் கொஞ்சம் முன்னால் கூப்பிடுவார். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

ஒருநாள் முருங்கைக்காய்க் கட்டோடு வந்த ஒரு பண்ணையார், கால் ஆணிக்காக நேராக உள்ளே போய்விட்டார். வெளியே முற்றத்தில் ஒரு பெண் காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை. குழந்தைக்கு அங்கேயே வலிப்பு வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டது, ஆனால் பெரிய டாக்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். மறுநாள் தாழ்வாரச் சுவரில் எழுதவைத்தார்: இங்கே யாரும் எதுவும் தர வேண்டாம், யாரும் எதுவும் வாங்க மாட்டோம்.

தமிழில் ஒரு வரி, பிரெஞ்சில் ஒரு வரி. வர்ணம் அடிக்கிறவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஏதாவது ஓர் எழுத்து உருமாறி, நான் போன காலத்தில் அது எந்த மொழியிலும் சேராத வரியாகிவிட்டிருந்தது. தமிழ் வரி மட்டும் பளிச்சென்று நின்றது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லாருக்கும் இந்த முருங்கைக்காய்க் கதையைச் சொல்லிவிடுவார்கள். பேஷன்ட் வீட்டில் ஒரு வாய் காபிகூடக் கூடாது. கல்யாணப் பத்திரிகை வைத்தால் வாழ்த்திவிட்டு வர வேண்டியதுதான், பந்தியில் உட்காரக் கூடாது. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் சந்தர்ப்பம் பார்த்து வளைந்து கொடுத்தார்கள். நான் இம்மியும் வளையவில்லை. வெயிலில் நாலு கிராமம் சுற்றிவிட்டு, நீட்டிய மோரைக்கூட வேண்டாம் என்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால், நோயாளிமேல் இருந்த அக்கறையைவிட அந்தப் பெருமை கொஞ்சம் பெரிதாகவே இருந்திருக்கிறது.

எழுதினதே படிக்கத்தான்

கஸ்தூரி இருமலோடு வந்தாள். இரண்டு மாத இருமல். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தாள். சளியைப் பரிசோதித்ததில் காசநோய் என்று வந்தது.

கணவன் லாரி ஓட்டப் போனவன், வடக்கே எங்கேயோ வேறு குடும்பத்தோடு தங்கிவிட்டான். ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் போட்ட இட்லிக் கடைதான் இருவருக்கும் சோறு, வாடகை, ஸ்கூல் பீஸ் எல்லாம்.

அப்போதெல்லாம் வாரத்தில் மூன்று நாள், எங்கள் கண்முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். ஆறு மாதம். நடுவில் விட்டால் நோய் முறுக்கிக்கொண்டு திரும்பி வரும்.

"காலைல கடைய வுட்டுட்டு எப்படி சிஸ்டர் வருவேன்? பஸ் வர்ற நேரந்தான் எனக்கு யாவாரமே."

"நீ வர வேணாம். நாங்க வர்றோம். கடைக்கே வர்றோம், போதுமா?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதலில் சில வாரம் கடையை மூடச் சொன்னோம். மூடினாள். பிறகு சளியில் கிருமி இல்லை என்று வந்ததும், இனி யாருக்கும் பரவாது, கடையைத் திறக்கலாம் என்று டாக்டர் சொன்னார். திறந்தாள். திங்கள், புதன், வெள்ளி காலையில் எங்கள் வெள்ளை வேன் அவள் கடை வாசலில் போய் நிற்கும்.

அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரு பக்கமும் சிவப்பு எழுத்தில் ஆஸ்பத்திரியின் பெயர். அதன்கீழே "காசநோய் ஒழிப்புப் பிரிவு". முதலில் சின்னதாக எழுதியிருந்தார்கள். நான்தான் சண்டை போட்டுப் பெரிதாக எழுதவைத்தேன். நாலு பேருக்குத் தெரிந்தால்தானே நாலு பேர் வருவார்கள்?

முதல் நாளே காதர் பாய் சொன்னார். டவுனில் பிறந்து வளர்ந்தவர், சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர், அளந்துதான் பேசுவார்.

"சிஸ்டர், ரேஷன் கடையாண்ட வண்டிய போட்டுடறேன். அங்கேர்ந்து ரெண்டு தெருதான். நடந்து போயிட்டு வந்துடுங்க."

"ஏன் பாய், வாசல் வரைக்கும் போனா வண்டி தேஞ்சிடுமா?"

"அதுக்கில்ல சிஸ்டர். வண்டியில எழுதியிருக்குதே..."

"எழுதினதே படிக்கத்தான் பாய். எல்லாரும் படிக்கட்டும். நோவு வந்ததுல என்ன வெக்கம்?"

மேடையில் பேசிப் பேசிப் பழகிய வாய்.  பாய் வேனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

கூட்டம் குறைந்தது

கஸ்தூரி ஒவ்வொரு முறையும் மாத்திரையை விழுங்கிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரெண்டு இட்லி சாப்பிடுங்க சிஸ்டர்" என்பாள். அந்த மாத்திரை அவளுக்குக் குமட்டும். தன் கடை வடகறி வாசனையே அவளுக்கு ஆகாது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எனக்குத் தட்டு எடுப்பாள்.

நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வேன். "பேஷன்ட் எடத்துல நாங்க கை நனைக்கிறதில்லம்மா." எனக்கு மெதுவாகப் பேச வராது. பெரிய வார்டின் கடைசிக் கட்டிலுக்கும் கேட்கும்படி பேசிய தொண்டை. தெருமுனைவரை கேட்டிருக்கும்.

கூட்டம் குறைவதை நான் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. நின்று சாப்பிட்டவர்கள் முதலில் பார்சல் வாங்கினார்கள். பிறகு பார்சலும் நின்றது. எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. கம்பெனி பஸ்காரர்கள் அங்கே போனார்கள். ஒரு புதன்கிழமை நாங்கள் போனபோது கஸ்தூரியின் இட்லிக் குண்டானில் ஆவியே இல்லை.

அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லை, வேலை குறைந்தால் உடம்பு தேறும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது என்னையே நாலு அறை அறையலாம்போல இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே வாயைத் திறந்தாள்.

"சிஸ்டர், நீங்க இனிமே இங்க வர வேணாம். நானே ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டுக்கறேன்."

இப்படிச் சொல்கிறவர்கள் பாதிப் பேர் வரமாட்டார்கள். அனுபவம் எனக்கு அதைத்தான் சொன்னது.

"மாத்திரைய நிறுத்தலாம்னு பாக்கறியா?"

"அய்யோ, இல்ல சிஸ்டர்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எதுத்தாப்ல இருக்கற தள்ளுவண்டிக்காரன் எல்லாருகிட்டயும் சொல்றான். அந்த நர்சம்மாவே அவ கையால ஒரு இட்லி வாங்கித் துன்ன மாட்டேங்குது, நீங்க ஏன் துன்றீங்கன்னு."

இந்த இடத்தில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புத்தி இருக்கிற யாருக்கும் புரிந்திருக்கும். எனக்கோ அறியாமையைக் கண்டால் பேசாமல் இருக்க முடியாது.

"நீ சும்மா இரு. நான் பேசறேன்."

தட்டு

தெருவில் இறங்கி நின்று கூப்பிட்டேன். வண்டிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் கையைத் தட்டி அழைத்தேன். வெள்ளைப் புடவைக்கு ஒரு மரியாதை உண்டே, வந்தார்கள்.

பேசினேன். காசநோய் காற்றில்தான் பரவும், இருமும்போது பரவும். இட்லியில் பரவாது, தட்டில் பரவாது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து பரவாது. இந்தக் கஸ்தூரிக்கு வந்திருப்பது இன்ன நோய், இத்தனை மாதம் மருந்து, இப்போது சளியில் கிருமியே இல்லை. எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதுவரை வேன் வருவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள்தான் அங்கே இருந்தார்கள். இன்ன நோய் என்று உறுதியாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

லைன்மேன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை.

"நீங்க சொல்றது சரிதான் சிஸ்டர். எங்களுக்கு என்னா தெரியும்? நீங்க ஒண்ணு வாங்கிச் சாப்பிடுங்க. அதுக்கப்புறம் நாங்களும் சாப்பிடறோம்."

கஸ்தூரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் இலையைக் கிழித்தாள். இந்த மூன்று மாதத்தில் அவள் அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. குண்டானைத் திறந்து, துணியிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து, வடகறி ஊற்றி, தட்டை நீட்டினாள்.

காதர் பாய், "சாப்பிடுங்க சிஸ்டர்" என்றார்.

எனக்குப் பசிதான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். கை தட்டுக்குப் போகவும் பார்த்தது. ஆனால் தாழ்வாரச் சுவரின் அந்த வரி என் கண்முன் வந்து நின்றது. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரு லைன்மேன் கேட்டார் என்பதற்காக நடுத்தெருவில் விடுவதா?

"எங்க ரூல்ல அதுக்கு எடமில்லீங்க" என்றேன். "நாங்க சாப்பிடக் கூடாது."

லைன்மேன் ஒரு முறை தலையை ஆட்டினார். யாரும் சிரிக்கவில்லை, சத்தம் போடவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். கஸ்தூரி தட்டை மடியில் வைத்துக்கொண்டு குண்டான் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பதிவேட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேனில் ஏறினேன்.

 ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பாய் கேட்டார்: "நான் ஒண்ணு சாப்பிட்டிருக்கலாமா சிஸ்டர்?"

"நீங்களும் ஸ்டாஃப்தானே" என்றேன்.

பாதியில் விட்டவர்

திங்கட்கிழமை கடை மூடியிருந்தது. புதன்கிழமை வீடும் பூட்டியிருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களும் எங்களிடம் சொல்ல விரும்பவில்லை.

விதிப்படி சில வாரம் பார்த்துவிட்டு, பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே என் கையால் எழுதினேன்: சிகிச்சையைப் பாதியில் விட்டவர்.

பிறகு நான் ஓய்வு பெற்றபோது விழா எடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர் என்று பேசி, எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வை மட்டும் வாங்கலாம்போல. கீழே நாற்காலியில் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். கை தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

லாஸ்பேட்டை

பாயும் ஓய்வு பெற்று இப்போது சொந்த ஆட்டோ ஓட்டுகிறார். சில மாதங்களுக்கு முன் போன் செய்தார்.

"சிஸ்டர், அந்த இட்லிக்கார அம்மாவ பாத்தேன். லாஸ்பேட்டையில. காலேஜ் புள்ளைங்கள எறக்கிவிடப் போனேன், அங்க வீட்லயே டிபன் போடுது. நல்லா இருக்குது சிஸ்டர்."

பாயையே வரச் சொல்லி, அவர் ஆட்டோவில் உடனே கிளம்பிவிட்டேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். பாதியில் விட்டவர்கள் பலரை நான் அப்புறம் பிணமாகத்தான் பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் ஒரே யோசனை. எல்லார் எதிரிலும் வாசலில் உட்கார்ந்து, அவள் கையால் வாங்கி, வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அப்படியே மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும்.

வாசலில் ஐந்தாறு ஸ்கூட்டர். மாணவர்களும் ஆபீஸ் போகிறவர்களுமாகப் பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி கன்னம் பூசினாற்போல ஆகியிருந்தாள், தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கண் என் முகத்தில் நிற்கவில்லை. என் தோளுக்குமேல் எட்டி, ரோட்டைப் பார்த்தது.

வேன் வந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

நான் ஒரு ஸ்டூலை இழுத்தேன். "கஸ்தூரி, ரெண்டு இட்லி குடு. இங்கயே உக்காந்து சாப்பிடறேன்."

அவள் விறுவிறுவென்று வந்து என் கையைப் பிடித்தாள். "உள்ள வாங்க அத்த" என்றாள் உரக்க. சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் குரலை இறக்கினாள்.

"உள்ளயே சாப்பிடுங்க சிஸ்டர். இங்க யாருக்கும் தெரியாது. பொண்ணுக்கு வேற மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம்."

கேஸ் அடுப்புப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். வாழை இலை, இரண்டு இட்லி, வடகறி. சாப்பிட்டேன். மறுபடி இரண்டு வைத்தாள், அதையும் சாப்பிட்டேன். நான் சாப்பிடுவதை அந்தச் சமையலறையில் அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"நான் தப்பு பண்ணிட்டேம்மா. அன்னிக்கு நான் சாப்பிட்டிருக்கணும்."

அவள் அடுப்பைக் குறைத்தாள். பிறகு சொன்னாள்: "ஆறு மாசமும் போட்டேன் சிஸ்டர். அக்கா ஊர்ல சர்க்கார் ஆஸ்பத்திரியில. ஒரு நாள்கூட வுடல. அத மட்டும் உங்க நோட்டுல எழுதிக்குங்க."

வெளியே ஒரு மாணவன், "யாருக்கா அது?" என்று கேட்டான்.

"எங்க அத்த. ஊர்லேர்ந்து வந்திருக்காங்க" என்றாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். மற்றவர்களுக்குக் கேட்கும்படி, "பாத்துப் போங்கத்த" என்றாள். பிறகு என் புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, "கோவிச்சுக்காதீங்க. அடிக்கடி வராதீங்க சிஸ்டர்" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். இந்த ஒரு முறையாவது அவள் சொன்னதை அவள் சொன்னபடியே செய்ய வேண்டும்.

என்னை இறக்கிவிட்ட இடத்தில் ஆட்டோ இல்லை. போன் செய்யலாம் என்று பையைத் திறந்தவள், பாய் எங்கே நிற்பார் என்று தோன்றிவிடவே, செய்யாமல் நடந்தேன். இரண்டு தெரு தள்ளி, ஒரு ரேஷன் கடைப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, காதர் பாய் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.